வான்தீவுக்கு வாக்குக் கொடுத்த தண்டல்

சொன்ன நாளில் சரக்கைக் கொண்டுபோய் இறக்குகிற ஆள் யார் என்று தூத்துக்குடிக் கடற்கரையில் கேட்டால், இன்றைக்கும் ஆன்றோ தண்டல் பெயரைத்தான் சொல்வார்கள். சரக்கேற்றுகிற பாய்மரத் தோணியை நடத்துகிறவரை இங்கே தண்டல் என்பது வழக்கம். மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல் என்று ஏற்றிக்கொண்டு இருபத்தாறு வருஷம் தண்டலாகப் போய்வந்தவர். படிப்பு நாலாம் வகுப்பு. அதிலும் கடைசி மூன்று மாதம் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. பன்னிரண்டு வயதில் தோணியில் சோறு பொங்கப் போனவர், முப்பத்தொன்றில் அதே தோணிக்குத் தண்டலானார். நடுவில் ஒருத்தரும் கைதூக்கி விடவில்லை. அப்பன் வழியில் தனக்கு வந்தது ஒரு பழைய நங்கூரக் கயிறும் மூலவியாதியும்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இப்போது அறுபத்தெட்டு வயது. கடற்கரைத் தெருவில் இரண்டு மாடி வீடு. மகனும் மருமகளும் மஸ்கட்டில். பேத்தி ஆனி மட்டும் இங்கே தாத்தா வீட்டில் இருந்து, மாதா கோயிலை ஒட்டியிருக்கிற பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குப் பொறுப்பாளர் என்ற முறையில் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்துக்கு இவர்தான் தலைவர். தலைவர் நாற்காலியில் உட்காரும்போது, அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து நாலாவதோடு ஓடிப்போனவன் தான்தான் என்று தவறாமல் ஒருதரம் சொல்லிக்கொள்வார். அதைச் சொல்ல எல்லாருக்கும் வாய்க்காது. ஓடிப்போன இடத்துக்கே தலைவராகத் திரும்பி வந்தவன்தான் சொல்ல முடியும்.

ஜனவரி கடைசியில் அந்தக் கூட்டம். விஷயம் ஒன்றே ஒன்று: பிள்ளைகளை இந்த வருஷம் சுற்றுலா எங்கே கூட்டிப்போவது?

கேட்பதற்குச் சின்ன விஷயம். உள்ளே இறங்கினால்தான் ஆழம் தெரியும். பள்ளிக்கூடம் ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்துவரை. பிள்ளைகள் நூற்று முப்பது பேர், வாத்தியார்மார் தலைமையாசிரியையோடு சேர்த்து ஆறே பேர். மூன்று கூட்டமாகப் பிரித்து மூன்று ஊருக்கு அனுப்பக் கைகள் போதாது. எல்லாரும் ஒரே இடத்துக்குப் போயாக வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் பொருந்துகிற ஒரே இடம் எது?

முதலில் எழுந்தது விஜிலா. மகன் ஒன்றாம் வகுப்பிலிருந்து இந்த வருஷம்தான் இரண்டுக்குப் போயிருக்கிறான்.

"போன வருஷம் கொற்கைக்குக் கூட்டிட்டுப் போனிய. அந்தக் காலத்துத் துறைமுகம் பாக்கப் போறோம்னு சொல்லிட்டு, பிள்ளைய வயக்காட்டுல கொண்டு நிறுத்தினா அவன் என்ன செய்வான்? வீட்டுக்கு வந்து சொல்லுதான், அங்கன இருந்த கடல யாரோ எடுத்துட்டுப் போயிட்டாவளாம்."

சபை சிரித்தது. தலைமையாசிரியை இசபெல்லா டீச்சரும் சிரித்தார். ஆனால் கொற்கைக்குப் போகலாம் என்று போன வருஷம் சொன்னவர் அவர்தான். அதனால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"எட்டயபுரம் போவலாமே" என்றார் ஒருவர்.

"நம்ம பெரிய பிள்ளைய வேணா நின்னு பாக்கும். சின்னது அங்கன போயி சுவரையா நக்கும்?"

"அப்ப ஊஞ்சல் சறுக்கு இருக்க பார்க்குக்குப் போங்க."

"பத்தாங்கிளாஸ் பயலுவள சறுக்குல ஏத்தி விடப் போறியளா வே? சறுக்கு தாங்குமா?"

இசபெல்லா டீச்சர் கரும்பலகையில் ஏழு ஊர்ப் பெயர் எழுதியிருந்தார். ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னார். சின்னதுகளுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் பஸ் ஆகாது, வாந்தி எடுத்துவிடும். நடுவில் இருப்பவர்களுக்குத் தொட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும். சும்மா நிறுத்தி வைத்து விளக்கம் சொன்னால் சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள். பெரியவர்களுக்குப் பரீட்சை வருகிறது, ஒரு நாளாவது மனசு மாற வேண்டும். "இந்த மூணும் ஒரே ஊர்ல எங்கன இருக்கு? நீங்களே சொல்லுங்க."

ஒரு மணி நேரமாக இதே பேச்சு. தண்டலுக்குப் பொறுக்கவில்லை. நடுக்கடலில் பாய் கிழிந்தால் கமிட்டி போட்டா பேசிக்கொண்டிருப்பான் மனுஷன்? எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"வான்தீவு" என்றார்.

சபை அவரைப் பார்த்தது.

"எதுக்கு இம்புட்டு மண்டைய உடைக்கிய? வாசல்ல நின்னா தெரியுத தீவு. வள்ளத்துல ஏறினா முக்கா மணி நேரம். சின்னது மணல்ல விளையாடட்டும். நடுவுல உள்ளது முழங்கால் தண்ணியில நின்னு பவளப்பாறையப் பாக்கட்டும். பெரிய பிள்ளைகளுக்குக் காத்து என்ன, நீவாடு என்ன, எல்லாத்தையும் நான் நின்னு சொல்லுதேன். நீவாடுன்னா கடல் ஓட்டம், டீச்சர். உங்க புஸ்தகத்துல இருக்காது. வள்ளம் என் பொறுப்பு. சோறும் என் பொறுப்பு."

"உத்தரவு வாங்கணும்லா தண்டல்?" என்று இசபெல்லா டீச்சர் கேட்டார்.

"நம்ம வாசல்ல கெடக்க தீவுக்கு எவன்ட்ட உத்தரவு கேக்க? நான் சொல்லுதேன், போறோம். பிப்ரவரி ரெண்டாவது சனிக்கிழமை. எழுதிக்கிடுங்க."

கைதட்டல் எழுந்தது. வெறும் கைதட்டல் இல்லை, பெஞ்சைத் தட்டினார்கள். இசபெல்லா டீச்சர் முகத்தில் ஒரு மாதமாக இல்லாத வெளிச்சம். டஸ்டரை எடுத்து ஏழு ஊரையும் துடைத்துவிட்டு வான்தீவு என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

மறுநாள் காலை தண்டல் படகுத்துறைக்குப் போனார். கிளாட்வினிடம் மூன்று ஃபைபர் வள்ளங்கள் இருக்கின்றன. தண்டலின் தோணியில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டான்.

"வள்ளம் தாரேன் மாமா. எங்கன போவணும்?"

"வான்தீவு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள இறக்கி, சோறு குடுத்து, சாயங்காலம் கூட்டிட்டு வரணும்."

கிளாட்வின் வலையிலிருந்து கையை எடுத்தான். "வெளையாடுதியளா மாமா? அங்கன காலு வைக்க விடமாட்டாவ. இறங்கினா வள்ளத்தப் புடிச்சு வச்சிக்கிடுவாவ. நாங்களே விலகிப் போறோம்."

"எவன் விடமாட்டான்?"

"பாரஸ்ட்காரன். எத்தன வருஷமா இருக்கு, நீங்க எந்தக் காலத்துல இருக்கிய?"

"ஏலே, நான் அங்கன சோறு பொங்கித் தின்னுருக்கேன்."

"எப்ப?"

தண்டல் கணக்குப் போட்டுப் பார்த்தார். பதினாலு, பதினைந்து வயது இருக்கும். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு அந்தத் தீவைப் பார்க்காத நாள் குறைவு. துறைமுகத்தை விட்டு வெளியேறும்போதெல்லாம் கண்ணில் படும். ஆனால் மாலத்தீவுக்குப் போகிறவனுக்கு வான்தீவு வெறும் அடையாளம். அதைத் தாண்டினால் வீட்டை விட்டாயிற்று, திரும்பி வரும்போது கண்டால் வீடு வந்தாயிற்று. அங்கே இறங்க அவருக்கு என்ன வேலை? இந்து மகாசமுத்திரத்தில் எந்தப் பாறை எங்கே இருக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வார். வாசலில் கிடக்கிற தீவில் கால் வைக்கக்கூடாது என்பது தெரியாது. தரைக்காரன் ஒருத்தனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான். கடலுக்குள் போகுமுன் நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் போவான். தண்டலுக்கு யாரிடமும் கேட்டுப் பழக்கமில்லை.

"உனக்குப் பயம்ல" என்று சொல்லிவிட்டு நேரே வன அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே இருந்த அதிகாரி பெயர் பாண்டியராஜன். முப்பத்தைந்து வயது இருக்கும். எழுந்து நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். அந்த மரியாதையைப் பார்த்ததும் காரியம் முடிந்தது என்றே தண்டல் நினைத்தார். விஷயத்தைச் சொன்னார். அதிகாரி முழுதும் கேட்டார்.

"ஐயா, அது தேசியப் பூங்கா. யாரும் இறங்கக்கூடாது. கலெக்டர் பிள்ளையா இருந்தாலும் நான் விட முடியாது."

"தம்பி, நீங்க பொறக்கதுக்கு முன்னால நான் அந்தத் தீவுல படுத்து எந்திரிச்சவன்."

"என்ன வேலையாப் போனிய ஐயா?"

"கல் எடுக்க, தோணி ஓடாத மாசத்துல. பவளக்கல். சுண்ணாம்புக் காளவாசலுக்கு ஏத்துவோம். ஒரு நாளைக்கு நாலு நடை."

சொன்ன பிறகுதான் வாயை மூடினார். அதிகாரி மேஜைமேல் கிடந்த வரைபடத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"அப்ப இருந்த தீவுல இப்பப் பாதிக்கும் மேல கடலுக்குள்ள போயிட்டு ஐயா. கல்ல எடுத்தா அலை நேரா வந்து மண்ண அள்ளிட்டுப் போவும்லா. நீங்க எல்லாரும் படுத்து எந்திரிச்சதாலதான் இப்ப நாங்க காவலுக்கு நிக்கோம்."

சத்தம் போடவில்லை, கேலி பேசவில்லை. அப்படிச் செய்திருந்தால் தண்டல் பதில் கொடுத்திருப்பார். துறைமுகத்து அதிகாரிகள் எத்தனை பேரை வாயால் மடக்கியிருக்கிறார். தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தார்.

தெரு முனையில் ஏழெட்டுப் பிள்ளைகள் எதிரே வந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிற கூட்டம். இவரைக் கண்டதும் ஓடிவந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"தாத்தா, தீவுல முயல் இருக்குமா?"

"தாத்தா, சங்கு எடுத்துட்டு வரலாமா?"

"இருக்கும், இருக்கும். போங்க" என்றார். அது முதல் பொய்.

பொய் என்பதைவிட, உண்மையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார் என்று சொல்லலாம். பெரிய அதிகாரி யாரையாவது பிடித்து வாங்கிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த வாரம் முழுவதும் அலைந்தார். தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களைப் பார்த்தார். ஒருவர் மதுரைக்குப் போகச் சொன்னார், ஒருவர் சென்னைக்கு எழுதச் சொன்னார், ஒருவர் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். எல்லாரும் கடைசியில் சொன்னது பாண்டியராஜன் முதல் நாளே சொன்னதுதான்.

இதற்கிடையில் பள்ளிக்கூடம் கொதித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்பில் எல்லாரும் தீவுப் படம் வரைந்து சுவரில் ஒட்டிவிட்டார்கள். ஒவ்வொரு படத்திலும் தென்னைமரம், ஒவ்வொரு தென்னைக்கும் கீழே மீசை வைத்த ஒரு ஆள். அது தண்டலாம். ஏழாம் வகுப்பு அறிவியல் டீச்சர் பவளம் பற்றிய பாடத்தை முன்னால் இழுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது தாய்மார்கள் வளைத்துக்கொண்டார்கள்.

"மாமா, சின்னதுகளுக்குப் போடுத மிதவைச் சட்டை இருக்கா?"

"இருக்கு."

"எத்தன?"

"எல்லாத்துக்கும் இருக்கு."

"வள்ளத்துல நெழலுக்குத் துணி கட்டுவியளா?"

"கட்டுவோம்மா."

விஜிலா கையெடுத்துக் கும்பிட்டாள். "இந்த வருஷம்தான் எம் பிள்ளை மூஞ்சியில சிரிப்பப் பாத்தேன்."

அன்றுமுதல் தண்டல் வழியை மாற்றிக்கொண்டார். வீட்டிலிருந்து கோயிலுக்கு நூறு அடி. பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் போக வேண்டும். இப்போது பின்பக்கச் சந்தில் இறங்கி, ஐஸ் கம்பெனியைச் சுற்றி, மீன் கழுவிய தண்ணீரில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். சொந்தத் தெருவில் திருடன் மாதிரி. சூறாவளியில் மூன்று நாள் பாய் இல்லாமல் மிதந்தவர். அப்போதுகூட நாலு பக்கமும் கடல் திறந்து கிடந்தது. இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பிள்ளை நிற்கிறது.

வேறு ஒரு இடம் கண்டுபிடித்துவிட்டால் இதைச் சொல்லாமலே மாற்றிவிடலாம் என்று தோன்றியது. ஒருவரிடமும் சொல்லாமல் துறைமுகத்துக்குப் போய்க் கேட்டார். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றார்கள். சின்னப் பிள்ளைகளை கிரேன் ஓடுகிற இடத்தில் விடமுடியாது என்றார்கள். அது நியாயம். பஸ் ஏறி எட்டயபுரம் போனார். கவி பிறந்த வீட்டில் ஒரு சுற்று வந்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இங்கே எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கும் என்று பார்க்க ஓர் ஓரமாக உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் அவரே தூங்கிப்போனார். காவலுக்கு இருந்தவர் தட்டி எழுப்பினார். நாசரேத்தில் பழைய கோயிலும் பள்ளிக்கூடங்களும் இருந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடத்தைக் காட்டுவதா? திரும்பி வரும் பஸ்ஸில்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. இசபெல்லா டீச்சர் கரும்பலகையில் எழுதியிருந்த ஏழு ஊரையும் இப்போது இவர் ஒவ்வொன்றாகத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறார். அந்த அம்மாள் ஒரு மாதம் மண்டையை உடைத்ததை இவர் ஒரு வார்த்தையில் துடைக்க வைத்துவிட்டார்.

வீட்டில் விக்டோரியா கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். கட்டி நாற்பத்து மூன்று வருஷம் ஆகிறது.

"இந்தாருங்க, ஐஸ் கம்பெனி வழியா எதுக்கு வாரிய?"

"காத்தாட."

"மீன் கவுச்சிக் காத்தா?"

"ஏளா, சும்மா இருக்கமாட்டியா."

"நான் சும்மாதான் இருக்கேன். நீங்கதான் ராத்திரி தூக்கத்துல நங்கூரத்தத் தூக்கு, நங்கூரத்தத் தூக்குன்னு கத்துதிய. எங்க மாட்டிக்கிட்டுன்னு சொன்னா எல்லாருமாச் சேந்து தூக்கலாம்."

தண்டல் சாப்பாட்டுத் தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

சுற்றுலாவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் இசபெல்லா டீச்சர் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு படிவம். ஆனி உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டாள். டீச்சர் உட்காரவில்லை.

"நாளைக்குக் கல்வி அலுவலகத்துல இதக் குடுத்தாவணும் தண்டல். நாளைய விட்டா இந்த வருஷம் சுற்றுலாவே கிடையாது. எல்லாம் எழுதிட்டேன். வன அலுவலகத்து உத்தரவு நம்பர் மட்டும் வேணும்."

தண்டல் படிவத்தைப் பார்த்தார். போகும் இடம் என்ற கட்டத்தில் வான்தீவு என்று அழகாக எழுதியிருந்தது. கீழே ஒரு கட்டம் காலி. இருபத்தாறு வருஷத்தில் அவர் பேரில் ஒரு சொல் தப்பியதில்லை. அந்தப் பேரை வைத்துத்தான் வீடு கட்டினார், மகனைப் படிக்க வைத்தார், சபையில் நாற்காலி வாங்கினார். அந்தக் காலிக் கட்டத்தில் எல்லாம் போய் விழப் போகிறது.

"உத்தரவு இல்ல டீச்சர்."

"எப்ப வரும்?"

"வராது. அங்கன யாரையும் இறக்க மாட்டாவ. எனக்கு முதல் நாளே தெரியும்."

டீச்சர் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத்தான் பேசினார். "முதல் நாளே சொல்லிருந்தா திட்டிட்டு வேற எடம் பாத்துருப்பேன். பத்து நாளா அந்தப் பிள்ளைகளுக்குப் பவளம் பவளம்னு பாடம் நடத்திட்டு இருக்கோம். எல்லா ஊரையும் என் கையால அழிச்சேன், உங்க சொல்ல நம்பி."

"நாளைக்குப் பிள்ளைகள்ட்ட நீங்களே எப்படியாவது..."

"நான் சொல்லமாட்டேன். பிரேயருக்கு நீங்க வாங்க. நீங்களே சொல்லுங்க."

படிவத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். திரும்பினால் கதவோரம் ஆனி நின்றாள். உள்ளே போய்த் தன் அறையைச் சாத்திக்கொண்டாள். தண்டலுக்கு டீச்சர் பேசியதைவிட அந்தக் கதவுச் சத்தம்தான் வலித்தது.

காலை ஒன்பது மணி. நூற்று முப்பது பிள்ளைகளும் வரிசையாக நின்றார்கள். இவர் மேடையேறியதும் சின்னதுகள் குதித்தன. சாமான் பட்டியல் வாசிக்கப் போகிறார் என்று நினைத்திருக்கும். கொழும்புத் துறைமுகத்தில் எத்தனையோ பெரிய மனுஷர் முன்னால் நிமிர்ந்து நின்று பேசியவர். இங்கே கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பிள்ளைகளா, நாம தீவுக்குப் போவ முடியாது. அங்கன இறங்கக்கூடாதுன்னு சட்டம். அது எனக்குத் தெரியாது. தெரியாமலேயே, யாருகிட்டயும் கேக்காமலேயே உங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேன். தெரிஞ்ச பொறவும் பத்து நாள் சொல்லாம இருந்தேன். தப்பு என்மேலதான். டீச்சர் மேல இல்ல."

மூன்றாம் வகுப்பு வரிசையில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். அதைப் பார்த்து இன்னும் நாலு. ஒன்றாம் வகுப்பில் முன்னால் நின்ற அஃபீஃபா, சட்டம் என்றால் என்னவென்றே தெரியாதவள், கேட்டாள்:

"அப்ப எங்கன போறோம்?"

தண்டல் இசபெல்லா டீச்சரைப் பார்த்தார். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியல பிள்ள" என்றார் தண்டல். "நீ சொல்லு. உனக்கு எங்கன போவணும்?"

"ரயில்ல."

"ரயில்ல எந்த ஊருக்கு?"

அவள் புரியாமல் பார்த்தாள். "ரயில்லதான்."

பின்னாலிருந்து நாலைந்து குரல் நானும் நானும் என்றது. வள்ளத்தில் ஏறாத பிள்ளை அந்தத் தெருவில் கிடையாது. ரயிலில் ஏறினவர்கள் யார் என்று, சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிற சுஜிதா டீச்சர் கேட்டபோது, மூன்றாம் வகுப்புவரை மொத்தம் ஆறு கைதான் எழுந்தது.

"பெரிய பிள்ளைகளுக்கு?" என்று தண்டல் பின்வரிசையைப் பார்த்துக் கேட்டார். ஆனிதான் பேசினாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"எங்களுக்கு எந்த ஊரா இருந்தா என்ன தாத்தா? ஒவ்வொரு வருஷமும் எங்களுக்கு ஆளுக்கு ரெண்டு வாண்டப் புடிச்சுக் குடுத்துருவாவ. ரெண்டு கையிலயும் ரெண்டு. மூக்கத் துடைக்கணும், ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போவணும், தொலைஞ்சா எங்களத்தான் கேப்பாவ. கொற்கையில நான் பாத்தது ரெண்டு மூக்கு. வான்தீவுக்குப் போயிருந்தாலும் அதத்தான் பாத்துருப்பேன். கைய விட்டாப் போதும், எங்க வேணா போறோம்."

பத்தாம் வகுப்புப் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. இசபெல்லா டீச்சர் முகம் சிவந்தது. ஆறு பேர் நூற்று முப்பது பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகிற வழி அதுதான். அவரும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தபோது இரண்டு வாண்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்தான்.

"சின்னதுகளப் பாத்துக்கிட ஆள் நான் கொண்டுவாரேன்" என்றார் தண்டல்.

"வாக்குக் குடுக்காதிய" என்றார் டீச்சர் பட்டென்று. "கேட்டுட்டு வந்து சொல்லுங்க. மூணு மணி வரைக்கும் படிவத்த வச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு அந்த ஆறு மணி நேரம் தண்டல் பட்ட பாடு எந்தச் சூறாவளியிலும் பட்டதில்லை. வீடு வீடாகப் போனார். வாசலில் நின்று கேட்டார். வேலை ஏவிப் பழகிய வாய்க்குக் கேட்பது வரவில்லை. முதல் வீட்டில், "சனிக்கிழமை நீ வா" என்றார். அந்தப் பெண், "எதுக்கு, இன்னொரு தீவுக்கா?" என்று கதவைச் சாத்தினாள். இரண்டாவது வீட்டில் கொஞ்சம் தேறினார். அது விஜிலா வீடு. அன்று கையெடுத்துக் கும்பிட்டவள், இப்போது இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"மிதவைச் சட்டை எல்லாத்துக்கும் இருக்குன்னியளே மாமா. எங்க, ஒண்ணக் காட்டுங்க பாப்போம்."

"இல்ல விஜிலா. ஒண்ணுகூட இல்ல."

"பின்ன?"

"வாயில வந்துட்டு. இப்பக் கேக்கதுக்குத்தான் வந்துருக்கேன். நீ வந்தா மத்தவளும் வருவா."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வாரேன். ஆனா ஒண்ணு. நீங்களும் வரணும். எங்கள ஏத்தி விட்டுட்டு வீட்டுல போயி உக்காரக்கூடாது. ரெண்டு பிள்ளை உங்க கையில."

மூன்று மணிக்குள் ஒன்பது பெண்கள் சம்மதித்தார்கள். அஃபீஃபாவின் தாயார் ராஹிலா உள்பட. விக்டோரியாவையும் சேர்த்தால் பத்து. இசபெல்லா டீச்சர் படிவத்தை இரண்டாக எழுதினார். நாலாம் வகுப்பிலிருந்து பத்துவரை ஐந்து ஆசிரியர்களோடு இரண்டு பஸ்ஸில் திருநெல்வேலி அறிவியல் மையத்துக்கு. அங்கே நடுவில் உள்ளவர்கள் எதையும் தொட்டுப் பார்க்கலாம், பெரியவர்கள் கையை வீசிக்கொண்டு தனியாகச் சுற்றலாம். ஒன்றிலிருந்து மூன்றுவரை சுஜிதா டீச்சரோடும் தாய்மார்களோடும் ரயிலில் மணியாச்சிவரை போய், பிளாட்பாரத்தில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டு, அடுத்த ரயிலில் திரும்புவது. போகும் இடம் என்ற கட்டத்தில் மணியாச்சி என்று எழுதும்போது டீச்சருக்கே சிரிப்பு வந்தது. கல்வி அலுவலகத்தில் இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்களாம்.

அந்தச் சனிக்கிழமை காலை பஸ்கள் முதலில் புறப்பட்டன. ஆனி ஜன்னலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். தாத்தா பக்கம் திரும்பவில்லை. பத்து நாள் மறைத்த கோபம் ஒரு வாரத்தில் தீராது. ஆனால் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அதைத் தண்டல் பார்த்தார்.

ரயிலில் நாற்பத்தொரு பிள்ளைகள். தண்டல் பங்குக்கு அஃபீஃபாவும், ரெக்சன் என்று ஒரு பயலும். ரெக்சன் ரயில் அசைந்ததும் இவர் மடியில் ஏறி நெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான், ரயிலுக்காக விடியுமுன்னே எழுந்தவன். அஃபீஃபா ஜன்னல் கம்பியை ஒரு கையிலும் இவர் விரலை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டாள். உப்பளம் தாண்டியதும் ஆரம்பித்தாள்.

"இது எந்த ஊரு?"

தண்டல் வெளியே பார்த்தார். கருவேலங்காடும் ஒரு மஞ்சள் பலகையும். பலகையைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். அது சட்டைப் பையில் இருந்தது, சட்டைப் பைமேல் ரெக்சனின் தலை இருந்தது. பெரிய சமுத்திரத்தையே கடந்த மனுஷனுக்கு வீட்டிலிருந்து பத்து மைலுக்குள் இருக்கிற ஊர் தெரியவில்லை. எதிரே பூக்கூடையோடு இருந்த பெண்ணிடம் கேட்டார். மீளவிட்டான் என்றாள். அவர் அஃபீஃபாவிடம் சொன்னார்.

"அடுத்து?"

மறுபடி கேட்டார். தட்டப்பாறை. அந்தப் பெண் இப்போது சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

தட்டப்பாறையும் வந்து போயிற்று. வலது கால் மரத்துப்போய் எறும்பு ஊர்ந்தது. நீட்ட இடமில்லை. நீட்டினால் பயல் விழித்துக்கொள்வான், விழித்தால் ஒன்றுக்கு வருகிறது என்பான். நடுப்பாதையில் விஜிலா நின்று, தண்டல் அசைகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்து என்ன ஊரு தாத்தா?"

"இரு பிள்ள, கேட்டுச் சொல்லுதேன்" என்றார்.

மணியாச்சிக்கு இன்னும் இரண்டு ஸ்டேஷன் இருந்தது.